கடல் தாண்டிய சுண்டக்கறி

என்னைக் கொழும்பிலிருந்து கப்பலேற்றி அனுப்பியது ஒரு கறி. சிரிக்க வேண்டாம். அவனவன் சொத்து வழக்குக்கும் பெண் பார்ப்பதற்கும் கடல் தாண்டுகிறான். நான் சுண்டக்கறிக்காகத் தாண்டினேன்.

ஜனவரி இருபத்தாறைச் சுதந்திர தினமாகக் கொண்டாட வேண்டும் என்று தேசத்துத் தலைவர்கள் சொல்லிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுதந்திரம் இன்னும் வரவில்லை, தினம் மட்டும் வந்துவிட்டது. ஆனாலும் கொழும்பில் இருந்த இந்தியர்கள் அதை விடுவதாக இல்லை. அந்த வருஷம் எல்லாரும் ஒரு மைதானத்தில் கூடிக் கொடியேற்றி, உறுதிமொழி படித்து, பிறகு ஒவ்வொரு ஊர்க்காரரும் தம் ஊர்ப் பண்டம் ஒன்றைப் பரிமாறுவது என்று ஏற்பாடாயிற்று. குஜராத்தி சேட்டுகள் லட்டு என்றார்கள். மலையாளிகள் பாயசம் என்றார்கள். எங்கள் முறை வந்தபோது ஒரு வயதான சேட், "நீங்கள் தமிழர் பக்கமா, மலையாளிகள் பக்கமா?" என்று கேட்டார். நாங்கள் பேசினால் பாட்டுப் பாடுவதுபோல் இருக்கிறதாம். எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிடும். "நாங்கள் தென் திருவிதாங்கூர்க்காரர்கள். எங்கள் கறி தனி" என்று சொல்லிவிட்டேன்.

என்ன கறி என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தோம். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சந்தில் முப்பது வீடு. எல்லாருடைய அப்பாக்களும் கருங்கல், குளச்சல் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர்கள். கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லாரும் கலந்துதான் கிடந்தோம். சந்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்பாக்கள் வாயில் சுண்டக்கறிதான். "பெரிய வீட்டுக் கல்யாணம்னா எங்களுக்குன்னு தனிப் பானையில ஒரு கறி வரும். எலை போட்டு இருந்தவனுக்குக்கூட அது கிடைக்காது" என்று என் அப்பா சொல்வார். அம்மா எத்தனையோ தடவை நாலைந்து காய்களைச் சேர்த்து வேகவைத்துப் பார்த்தாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது இல்ல" என்பார்.

ஊரிலிருந்தே ஒரு தவசிப்பிள்ளையைக் கூட்டிவந்துவிடுவது என்று இளவட்டங்கள் தீர்மானித்தோம். கல்யாணச் சமையல் செய்கிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே இருந்த பெரியவர்கள் ஐந்தாறு பேர் வெற்றிலையை மென்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள். நான் கிளம்பும்போது அப்பா மட்டும் வாசல்வரை வந்து, "வேற எதாவது வச்சுக்கிட்டா என்னலே? முந்திரிக்கொத்துப் பலகாரம் நல்லதுதானே?" என்றார். செலவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

கப்பல் இறங்கி, மோட்டார் பஸ் பிடித்து, ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள் கால் வைத்தேன். அப்பா பிறந்த மண்ணை முப்பது வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் வயல், வயலுக்கு நடுவில் தண்ணீர். கொழும்பிலும் பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் இந்தப் பச்சையை யாரோ எனக்கு முன்பே காட்டியிருப்பதுபோல் இருந்தது. காட்டியவர் அப்பாதான், வாயால் சொல்லியே காட்டியிருக்கிறார்.

தோவாளை தாண்டியதும் எங்கள் மோட்டார் பஸ்ஸின் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, பைய இறங்குங்க" என்றார். ஒன்றும் இல்லாததற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், அத்தனை பேரும் பாட்டுப் பாடினார்கள்! பூக்காரி பாடினாள், டிரைவர் பாடினார், மூக்குத்தூள் போட்ட கிழவர் பாடினார். கொழும்பில் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே நான் வாய் ஓயாமல் பேசியும் ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

பக்கத்தில் இருந்தவர் தேங்காப்பட்டணத்துக் கயிற்று வியாபாரி. தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக இருந்தார்.

"கருங்கல் பக்கமாக்கும், இல்லியா?" என்றார்.

"கொழும்பு."

"பேச்சு கருங்கல் பேச்சாட்டு இருக்கே. என்ன சோலியா வாறீரு?"

சொன்னேன். சுதந்திர தினத்தைச் சொன்னேன், மைதானத்தைச் சொன்னேன், சேட்டுக்கு நான் கொடுத்த பதிலைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கொள்ளாம், கொள்ளாம் என்று மெச்சித் தலையாட்டிக்கொண்டு வந்தவர், சுண்டக்கறி என்றதும் தொடையில் அடித்துச் சிரித்தார். "அதுக்கு எதுக்கு ஓய் தவசிப்பிள்ளை?" என்றார். அதற்குள் டிரைவர் ஹாரனை அமுக்க, எல்லாரும் ஓடி ஏறினோம். அவருக்கு இடம் முன்னால், எனக்குப் பின்னால். அவர்கள் வீட்டில் அந்தக் கறி வழக்கமில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

மறுநாள் கருங்கல் போய்ச் சேர்ந்தேன். பெரியப்பா மகன் கொல்லத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி, எனக்கு மைனி, வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சித்தப்பாவுக்க மூக்கு அப்படியே இருக்கே!" என்றாள். அதற்குப் பிறகு அறிமுகம் என்று ஒன்று தேவைப்படவில்லை. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்து, மண்சட்டியில் சாளை மீன் குழம்பு வைத்துப் போட்டாள். இந்தக் கிழங்கைக் கொழும்பிலும் தின்கிறோம், அங்கே தேங்காய்ச் சம்பலோடு. மைனி கிழங்கைத் தேங்காயும் சீரகமும் வைத்து மசித்திருந்தாள். குழம்பில் புளிக்குப் பதில் மாங்காய். நான் மூன்றாவது தடவை கையை நீட்டியபோது, "கொழும்புல ஒண்ணும் தின்னக் கிடைக்காதா மக்கா?" என்று கேட்டாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பாவா இதுக்கு விட்டாரு?"

"அவருக்கு இஷ்டம் இல்லை. நாங்கள்தான் முடிவு பண்ணினோம்."

"அதான பாத்தேன்" என்றாள். பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டே, "இரணியல்ல நல்லபெருமாள் பிள்ளைன்னு ஒரு தவசிப்பிள்ளை உண்டு. நாளைக்கு அங்கன ஒரு கல்யாணம், அவருதான் வைக்காரு. போய்ப் பாரும். அவரு சொல்லுவாரு" என்றாள். நான் மேற்கொண்டு கேட்பதற்குள் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. வழியில் உள்ள திங்கள்சந்தை அன்றுதான் கூடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ் சந்தைக்குள் புகுந்து, வாழைக்குலைகளுக்கும் சேனைக்கிழங்குக் குவியலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. இறங்கி நடந்தேன். ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று வாழையில் அத்தனை வகையை ஒரே இடத்தில் அங்கேதான் பார்த்தேன். ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கி, இரணியல் போய்ச் சேருவதற்குள் முடித்துவிட்டேன்.

கல்யாண வீட்டை வாசனையே காட்டிக் கொடுத்தது. பந்தல் வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர் முகம் மலர வரவேற்றார். கொழும்பு என்றதும் இன்னும் மலர்ந்தார். அப்பா பெயரைக் கேட்டார், சொன்னேன். ஊரில் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார், அதையும் சொன்னேன். சந்தனக் கிண்ணத்தை நீட்டியிருந்த கை மெதுவாகப் பின்னால் போயிற்று. கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பொறத்த போவும். சமையல் பந்தல் அங்கனதான்" என்று மட்டும் சொன்னார்.

நானும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கொழும்பு டிராமில் எந்தப் பெஞ்சிலும் உட்காருகிறவன் நான். எனக்கு முகம் எரிந்தது. சமையல்காரரைத் தேடித்தானே வந்தோம், பின்பக்கம்தானே அவர் இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நல்லபெருமாள் பிள்ளைக்கு ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு. நாலு ஆள் சேர்ந்து தூக்கும் வெண்கல வார்ப்பில் அவியல் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கரண்டியை வாயருகே கொண்டுபோகவே இல்லை. முதலில் பிள்ளையாருக்கு, பிறகு பந்திக்கு, அதுவரை வைக்கிறவன் நாக்கில் படக்கூடாது என்பது அவர் தொழில் முறை. ஆவியை மூக்கால் இழுத்து, "உப்பு அரைப் பிடி" என்று சொன்னார், போட்டார்கள். பந்தல் தட்டிக்கு அப்பால் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. உப்பு, பருப்பு, நெய், அவியல், எரிசேரி, துவரன், பச்சடி, சாம்பார் என்று ஒவ்வொன்றும் இலையில் தனக்கென்று உள்ள இடத்தில் போய் உட்கார்ந்தது. நடுவில் பாயசம் வந்தது, பாயசத்துக்குப் பிறகு ரசமும் மோரும் வந்தன. எந்தக் கறியும் எந்தக் கறியையும் தொடவில்லை.

இரண்டாம் பந்தி அமர்ந்த இடைவெளியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வார்ப்பைவிட்டு நகர்ந்து வந்தார்.

"சுண்டக்கறி வைக்கவா? அதுக்கா கடல் தாண்டி வந்தீரு?"

"ஆமாம் அண்ணாச்சி. எங்கள் ஊர்க் கறி."

"அது வைக்கது இல்ல வே, ஆவுது. நீரு மூணு மணி வரைக்கும் நில்லும், காட்டுதேன்."

நின்றேன். பலா மரத்தடியில் என்னோடு வேறு சிலரும் நின்றார்கள். விறகு கீறியவர்கள், தண்ணீர் கோரியவர்கள், எச்சில் இலை எடுத்தவர்கள். சிலர் கையில் சட்டி இருந்தது. மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி எழுந்தது. பிள்ளையின் ஆட்கள் ஒவ்வொரு பாத்திரமாகக் கொண்டுவந்து ஒரே பானையில் வழித்துப் போட்டார்கள். அவியல் மிச்சம், எரிசேரி மிச்சம், துவரன் மிச்சம், சாம்பாரின் அடிமண்டி. எரிந்து அடங்கிய அடுப்பில் அந்தப் பானையை ஏற்றிச் சுண்ட வைத்தார்கள். பிறகு மரத்தடியில் நின்றவர்களைக் கூப்பிட்டார்கள்.

"இதாக்கும் உமக்க சுண்டக்கறி" என்றார் பிள்ளை. "இதுக்குத் தவசிப்பிள்ளை வேண்டாம். விருந்து ஒண்ணு நடக்கணும், அது மிஞ்சணும், அவ்வளவுதான்."

எனக்கும் ஒரு கீற்று இலையில் சோறும் அந்தக் கறியும் கொடுத்தார்கள். வாங்கி, நின்றுகொண்டே தின்றேன். அப்பா ருசியைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன் தின்றதில்லை. ஆனால் இரண்டாவது வாயை இலையிலேயே வைத்துவிட்டேன். எலை போட்டு இருந்தவனுக்குக்கூட அது கிடைக்காது என்று அவர் சொன்னது காதில் கேட்டது. முப்பது வீட்டுப் பிள்ளைகளிடம் முப்பது அப்பாக்களும் சேர்ந்து மறைத்த விஷயத்தை நான் மைதானத்தில் தம்பட்டம் அடிக்கக் கிளம்பியிருக்கிறேன். பலா மரத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, அப்பா மேல் கோபமாகவும் இருந்தது, அவரை உடனே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

கருங்கல் திரும்பியதும் மைனியிடம் எரிந்து விழுந்தேன். "தெரிந்துகொண்டே என்னை அனுப்பினீர்களே!"

"நான் சொன்னா நீரு நம்புவீரா?" என்றாள். கருப்பட்டிக் காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பானைக்கு நானும் நின்னுருக்கேன். காலையில இருந்து வெள்ளம் கோரிட்டு நிப்போம். கிடைச்சா அன்னைக்கு எங்களுக்குத் திருவிழா. ருசி இருந்துது, அதுல என்ன வெக்கம்? வெக்கப்பட வேண்டியது நாங்க இல்ல." காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆனா ஒரே ஒரு நாள், எலை போட்டு இருந்து, ஒவ்வொண்ணா தின்னு பாக்கணும்னு ஆசை உண்டு. சித்தப்பாவுக்கும் இருந்திருக்கும்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் இரணியலுக்கு நடந்தே போனேன். பிள்ளை கிணற்றடியில் வார்ப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்கள் கொழும்புக்கு வர வேண்டும். இருபத்தைந்தாம் தேதி எங்கள் சந்தில் முழு விருந்து வையுங்கள். உப்பிலிருந்து மோர் வரை ஒன்று குறையக்கூடாது. வேண்டிய அளவுக்கு மேல் வையுங்கள், மிஞ்ச வேண்டும். மிஞ்சியதைச் சுண்ட வைத்து இருபத்தாறாம் தேதி மைதானத்துக்குக் கொண்டுபோவோம்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "பந்தியில ஆரெல்லாம் இருப்பா?"

"எல்லாரும். ஒரே பந்தி. முதல் இலை என் அப்பாவுக்கு. விறகு சுமந்து பின்பக்கம் நின்றவர்."

அவர் என்னைப் பார்த்தார், பக்கத்து வீட்டைப் பார்த்தார், குரலைத் தணித்தார். "இங்கன வெளிய தெரிஞ்சா எனக்கு அடுத்த முகூர்த்தம் கிடைக்காது வே."

அவர் வார்ப்பைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"பதினஞ்சு வயசுல கரண்டி பிடிச்சேன். எத்தன ஆயிரம் எலைக்கு வச்சுக் கொடுத்திருப்பேன்! எல்லாரும் தின்னு, கை கழுவி, போன பொறவு நான் அடுப்பு மூட்டுல குத்தவச்சு இருந்து ரசத்த ஊத்தித் தின்னுவேன். ஒரு நாளாவது சூட்டோட எனக்க அவியல ஒருத்தன் எனக்கு வெளம்பினதில்ல." துண்டை உதறித் தோளில் போட்டார். "முதல் பந்தியில எனக்கும் ஒரு எலை போடுவீரா?"

"என் அப்பாவுக்குப் பக்கத்தில்."

"அப்ப வாறேன்" என்றார்.

வார்ப்பு இல்லாமல் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே அந்த வெண்கல மலையைப் பஸ் கூரையில் கட்டினோம். சேனையும் தடியங்காயும் ஏத்தங்காயும் நாலு சாக்கு. மைனி ஒரு பொட்டலத்தில் முந்திரிக்கொத்து கட்டிக் கொடுத்து, "சித்தப்பாகிட்ட சொல்லும், எனக்கும் சேத்து எலையில இருக்கச் சொல்லி" என்றாள். ஆரல்வாய்மொழிச் சாவடியில் உத்தியோகஸ்தர் வார்ப்பைத் தட்டிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று புத்தகத்தைப் பார்த்தார். கடைசியில் பிள்ளை, "அதுல ஒண்ணும் இல்ல ஐயா, விருந்துக்குப் போவுது" என்றார். உத்தியோகஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, விட்டுவிட்டார்.

இருபத்தைந்தாம் தேதி எங்கள் சந்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாய் விரித்து இலை போட்டோம். அப்பாவைத் தேடினால் ஆளைக் காணோம். சந்தின் பின்பக்கம், விறகு அடுக்கியிருந்த இடத்தில், மற்றப் பெரியவர்களோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கீற்று இலை. பழக்கம் அவர் காலை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. நான் ஊரில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தேன் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை சத்தம் போட்டார்.

"வாரும் வே! சோறு ஆறுது!"

அப்பா வந்து உட்கார்ந்தார். நான்தான் விளம்பினேன். முதலில் உப்பு வைத்தேன். அவர் அவியலை மட்டும் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு எரிசேரியை மட்டும். பாயசம் வந்தபோது, இப்போதா அப்புறமா என்று தெரியாமல் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை குடித்தார், அவரும் குடித்தார். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் மோர் இலைக்கு வெளியே சிந்தியது.

மறுநாள் மைதானத்தில் கொடி ஏறியது, உறுதிமொழி படித்தோம். பிறகு வார்ப்பைத் திறந்தோம். லட்டும் பாயசமும் இருந்த பக்கத்திலிருந்து கூட்டம் எங்கள் பக்கம் சாய்ந்தது. அந்த வயதான சேட் இரண்டாம் தடவை வாங்கித் தின்றுவிட்டு, "இது என்ன கறி? எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், எனக்குப் பின்னால் நின்ற அப்பா முன்னால் வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மைதானம் முழுக்கக் கேட்கும்படி, எங்கள் பாட்டில், சொன்னார்:

"இது மிச்சமாக்கும் ஐயா. எங்க வீட்டு விருந்துல மிஞ்சினது."